ஆறடி ஒன்றே முக்கால், வெறுங்காலில்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சான் லூசியோ பேட்டையின் நிர்வாகத் தலைவர், கேப்டன் ரொடான்டே அவர்களே! பரோலா கூடைப்பந்து அணியின் முன்னாள் மேலாளர், மணிலாவிலிருந்து இரண்டு மணி நேரம் நெரிசலில் நசுங்கியும் சட்டை கசங்காமல் வந்து சேர்ந்திருக்கும் ஐயா அவுரெலியோ அவர்களே! முன்வரிசையில் அழ மாட்டேன் என்று அடம்பிடித்து அமர்ந்திருக்கும் பெர்லிட்டா அத்தை அவர்களே! மரிக்கினாவின் முக்கால்வாசிக் கால்களுக்கு ஷூ தைத்த தெரோய் தாத்தா அவர்களே! பின்வரிசையில், சாவு வீட்டு வழக்கப்படி, துக்கத்தையும் சீட்டுக்கட்டையும் சேர்த்தே கலைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! தர்பூசணி விதையைக் கொறித்து என் கோர்ட்டிலேயே துப்பிக்கொண்டிருக்கும் பேக்கரி முனை அணியின் பெருந்தகைகளே!

எல்லோருக்கும் மேலாக... இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. இன்றைய சிக்கலே அதுதான். எல்லோருக்கும் நடுவில், வளையத்துக்கு நேர் கீழே, வாழ்நாள் முழுக்க நின்ற அதே இடத்தில் முதல் முறையாகப் படுத்திருக்கும் எங்கள் சென்டர், லியோன்சியோ டிமாகுலாங்கன் என்னும் ஒன்யோ மாமா அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஜெலின். வயது பதினேழு. இந்த கோர்ட்டின் மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவதும், மைக்கில் உங்களையெல்லாம் கிண்டல் செய்வதும் என் வேலை. "பெரியவங்க இத்தன பேரு இருக்கையில இந்த வாயாடியப் பேச விடலாமா?" என்று நேற்று சிலர் கேட்டதாகக் கேள்வி. நியாயமான கேள்விதான். நானே பெர்லிட்டா அத்தையிடம் கேட்டேன். அத்தை சொன்னார்: "நான் பேசுனா அழுதுருவேன். கேப்டன் பேசுனா தூங்கிருவாங்க. நீ பேசு. சிரிச்சுக்கிட்டே கேக்கட்டும்."

ஆகவே அன்பர்களே, சிரிக்கலாம். அனுமதி பெற்ற சிரிப்பு.

எனக்கு முன்னால் பேசிய அவுரெலியோ ஐயா ஒரு தாளைக் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒன்யோ மாமா பரோலா அணியின் தேர்வுக்குப் போனபோது ஐயாவே தன் கைப்பட எழுதிய மதிப்பீட்டுத் தாள். அதோடு இன்னொன்றும் சொன்னார். கேப்டன் இந்த கோர்ட் வாசலில் மாமா பெயரில் கல் நடப் போகிறார். அந்தக் கல்லில் உயரத்தைப் பொறிப்பதானால் அணியின் புத்தகத்தில் உள்ளபடி ஆறடி ஐந்து அங்குலம் என்றுதான் பொறிக்க வேண்டுமாம். "ஆவணம் ஆவணந்தான்" என்றார். கேப்டனும் தலையாட்டினார். கல்தச்சர் நாளை மதியம் உளி எடுக்கிறார்.

அத்தைக்கு அது சம்மதமில்லை. எனக்கும் சம்மதமில்லை. அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன். இந்த மைக்கைக் கீழே வைப்பதற்குள் அந்தக் கல்லில் எந்த எண் ஏறும் என்பது முடிவாக வேண்டும்.

முதலில் மதிப்பீட்டுத் தாளுக்கு வருகிறேன். ஐயா, கொஞ்ச நேரம் கடன் கொடுங்கள். நன்றி. இதோ வாசிக்கிறேன்.

"உயரம்: போதாது." சரி.

"தாவல்: தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம்." ஐயா, இதை எழுதும்போது நீங்களே சிரித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளா, சாதா நாள் செய்தித்தாளா என்று மட்டும் குறிப்பிடவில்லை.

"வேகம்: ஓடுகிறாரா, ஓட யோசிக்கிறாரா என்று தெரியவில்லை."

"எறிதல்: இடது கையால் ஒரே ஒரு வகை. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் விழுகிறது."

"முடிவு: சென்டர் ஆட்டத்துக்கு ஏற்றவரல்லர். பயிற்சியில் மற்றவர்கள் இடித்துப் பழக ஓர் ஆள் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம்."

இடித்துப் பழக ஓர் ஆள்! அந்த ஆள்தான் பதினான்கு ஆண்டுகள் பரோலா அணியின் நடுவில் நின்றார். இடிக்க வந்தவர்களெல்லாம் முட்டி வீங்கி ஓய்வு பெற்றுப் போனார்கள். இடிபட வந்தவர் நின்றார். ஏன்? இந்தத் தாளில் இல்லாத ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்க வேண்டுமல்லவா? அது எது? அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சொல்கிறேன். எதிரணியில் டெஸ்மண்ட் என்று ஓர் அமெரிக்கர் வந்திருந்தார். ஆறடி பத்து. நிமிர்ந்தால் விளக்கில் முட்டும் ஆள். அவர் பந்தைப் பிடிக்கும் இடத்தில் மாமா முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து என்றால் நாற்காலி இல்லாமல்! தன் இடுப்பை எதிராளியின் தொடையில் ஊன்றி, முழங்கால் மடக்கி, முதுகால் தள்ளிக்கொண்டே இருப்பார். உயரமானவர்களின் பலம் மேலே இருக்கிறது, அஸ்திவாரம் கீழே இருக்கிறது. மாமா மேலே பார்க்கவே மாட்டார். அஸ்திவாரத்தை மட்டும் தோண்டுவார். அந்த மனிதர் தாவக் கால் எடுக்கும்போதெல்லாம் அந்தக் காலுக்கு இடமே இருக்காது. சும்மாவும் இருக்க மாட்டார், தள்ளிக்கொண்டே விசாரிப்பார். "அம்மா நல்லா இருக்காங்களா? ஊர்ல மழையா? சாப்பாடு ஒத்துக்குதா?" அந்த அமெரிக்கர் நல்ல மனிதர். பதில் சொல்லிவிட்டுப் பார்த்தால் பந்து போயிருக்கும்.

அன்று அவருக்கு ஒன்பது பாயிண்ட். அவருடைய வழக்கம் முப்பத்தாறு. ஆட்டம் முடிந்ததும் அவர் பரோலா அணியின் அறைக்கே வந்து கதவைத் தட்டினாராம்: "என் முட்டிக்குள்ள ஒரு ஆளு குடியிருந்தானே, அவன் எங்கய்யா? வாடகை வாங்க வந்துருக்கேன்."

அந்த ஆட்டத்தில் மாமா எடுத்த ரீபவுண்டு, அதாவது வளையத்தில் பட்டு எகிறிய பந்து, எத்தனை? இரண்டு. போட்ட பாயிண்ட்? நான்கு. ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் இவர் விளையாட வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பரோலா அணிக்கு அன்று விழுந்த ரீபவுண்டுகள் ஐம்பத்தொன்று! மாமா எதிராளியை முதுகால் பூட்டி வைத்தார், பந்து விழுந்தது, பின்னாலிருந்து ஒல்லிக்குச்சிகள் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். பேப்பரில் யார் படம் வந்தது? ஒல்லிக்குச்சிகளின் படம்.

ஓய்வு பெற்ற பிறகு மாமா இந்த கோர்ட்டின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஆட்டங்களைப் பார்ப்பார். திடீரென்று "நாலு!" என்பார். கொஞ்சம் கழித்து "அஞ்சு!" என்பார். பந்து எங்கோ இருக்கும், இவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன மாமா, கொசு எண்றீங்களா?"

"பூட்டு எண்றேன்டி. பந்த எடுத்தவன ஊரே பாக்குது. அவனுக்காக எவன் கதவப் பூட்டி வச்சான்னு யாரு பாக்குறா?"

"அதுக்கு ஸ்கோர் ஷீட்ல கட்டம் இல்லையே மாமா."

"கட்டம் இல்லன்னா போடு. ஸ்கேல் ஒங்கிட்டதான இருக்கு!"

போட்டேன். அன்றிலிருந்து எங்கள் ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் ஒரு கூடுதல் கட்டம் உண்டு. யாராவது எதிராளியைப் பூட்டினால் ஒரு சின்ன வட்டம். அவுரெலியோ ஐயா, உங்கள் தாளில் இல்லாத கட்டம் அதுதான்.

இனி உயரம்.

ஆறடி ஐந்து. எங்கள் பேட்டையில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் பரோலா அணியின் பழைய படம் தொங்கும். கீழே எழுதியிருக்கும்: "டிமாகுலாங்கன், சென்டர், ஆறடி ஐந்து." டிமாகுலாங்கன் என்றாலே குறைக்க முடியாதவர் என்று பொருள். குறைக்க முடியாது, ஆனால் கூட்ட முடியும் போலிருக்கிறது! உண்மை உயரம் ஆறடி ஒன்றே முக்கால். இடையில் உள்ள மூன்றேகால் அங்குலம் எங்கிருந்து வந்தது? ஒன்றரை அங்குலம் தெரோய் தாத்தா ஷூவுக்குள் வைத்துத் தைத்த தக்கை. மிச்சம் ஒன்றே முக்கால் அங்குலம் அவுரெலியோ ஐயாவின் பேனா. ஆறடி ஒன்றே முக்காலில் ஒரு சென்டரா என்று டிக்கெட் வாங்குபவர்கள் சிரிப்பார்கள் என்று புத்தகத்தில் ஏற்றி எழுதிவிட்டார். தக்க சமயத்தில் தக்கை! அதற்கு மேல் மை! இப்படி ஒரு சென்டர் வளர்ந்தார்.

ஐயா, கோபப்படாதீர்கள். அந்தப் பொய் ஒரு முறை எங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆறு பொங்கி வந்ததே, நினைவிருக்கிறதா? பாட்டிகளையும் பன்றிக்குட்டிகளையும் தோளில் சுமந்து மாமா தண்ணீருக்குள் போய்வந்துகொண்டிருந்தார். கேப்டன் போனில் கேட்டார்: "ஒன்யோ, எவ்வளவு ஆழம்?" மாமா சொன்னார்: "கழுத்து வரைக்கும்." கேப்டன் கணக்குப் போட்டார். ஆறடி ஐந்து ஆளுக்குக் கழுத்து என்றால் ஐந்தடி ஐந்து. ஐந்தேகால் அடியைத் தாண்டினால் மேல்தெருவைக் காலி செய்ய வேண்டும். "மேல்தெரு, கெளம்பு!" என்று மணியடித்தார். உண்மையில் அப்போது தண்ணீர் ஐந்தடி இரண்டுகூட இல்லை! காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை! மேல்தெருக்காரர்கள் திட்டிக்கொண்டே இந்த கோர்ட்டின் மாடிக்கு ஏறினார்கள். ஏறிய அரை மணியில் அணைத் தண்ணீர் வந்து மேல்தெருவின் கூரைகளைத் தொட்டது. மூன்றேகால் அங்குலப் பொய்யில் நாற்பது குடும்பங்கள் மிதந்தன. அதோ சுவரில் வெள்ளத்தின் அளவைக் காட்டும் அந்தச் சிவப்புக் கோடு, அதுவும் மாமாவின் உயரத்தை வைத்துப் போட்டதுதான். மூன்றேகால் அங்குலம் மேலே இருக்கிறது. கேப்டன், அதை மட்டும் அழிக்க வேண்டாம்.

ஆனால் அதே பொய் மாமாவிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டது.

பதினான்கு ஆண்டுகள் பரோலா அணியில் ஆடியும் ஒரு கோப்பைகூடத் தொடவில்லை. ஓய்வு பெற்று வந்தவருக்கு ஒரே ஓர் ஆசை. தன் ஆற்றங்கரைத் தெருவுக்காக, தன் ஆட்களோடு, இந்த கோர்ட்டில் ஒரு கோப்பை. ஆனால் நம் பேட்டைத் தெருக்களுக்கிடையே நடக்கும் போட்டியின் விதி என்ன? ஆறடி இரண்டுக்கு மேற்பட்டவர்கள் ஆடக் கூடாது. வாசலில் இரண்டு கம்பம், குறுக்கே ஒரு மூங்கில். அதன் கீழே தலை தட்டாமல் நடந்து வந்தால்தான் உள்ளே. மாமா வெறுங்காலோடு நடந்திருந்தால் கால் அங்குலம் மிச்சமிருந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் ஆடியிருக்கலாம்! ஆனால் ஷூவைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தக்கை விழும். தக்கை விழுந்தால், சாப்பாட்டுக் கடைகளில் தொங்கும் அத்தனை ஆறடி ஐந்தும் கூடவே விழும். மாமா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பதினாறு ஆண்டுகள். ஆசை உள்ளே, ஷூ காலிலே.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு சேட்டை செய்தேன். வேறு எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடக்க விழா. வழக்கம்போல மாமாதான் முதல் பந்தைத் தூக்கிப் போட வேண்டும். மாமா அந்த மூங்கிலுக்குக் கீழே வரும்போது எப்படிக் குனிவார் என்று உங்களுக்குத் தெரியுமே! ஆறடி ஐந்துக்காரர் ஆறடி இரண்டுக்குக் கீழே நுழைய வேண்டுமல்லவா? அழகாக, பெருந்தன்மையாக, பேட்டைக்கே மரியாதை செய்வதுபோலக் குனிவார். இந்த ஆண்டு நெட்டையர்களும் ஆடலாமாம் என்று போட்டியாளர்களைப் பயமுறுத்த நான் முந்தைய நாளே மூங்கிலை எடுத்து ஆறடி எட்டில் மாட்டி வைத்தேன். யாருமே கவனிக்கவில்லை. மாமா வந்தார். தலைக்கு மேலே நான்கே முக்கால் அங்குலம் காற்று. குனிந்தார்!

கூட்டம் கைதட்டியது. நான் மேஜையை விட்டு ஓடினேன்.

"மாமா, ஒரு சந்தேகம். மூங்கில் ஆறடி எட்டுல இருக்கு. எதுக்குக் குனிஞ்சீங்க?"

மாமா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"பழக்கம்டி."

"எத்தன வருசப் பழக்கம்?"

"சத்தமாப் பேசாத! குச்சியில செருகி வறுத்த வாழப்பழம் வாங்கித் தரேன்."

"எத்தன குச்சி?"

"நீ கேக்குற அளவுக்கு."

அன்று எட்டுக் குச்சி சாப்பிட்டேன், அதற்குள் தக்கைக் கதை முழுவதையும் மாமாவே சொல்லிவிட்டார். வயிற்றுக்குள் வாழைப்பழமும் ரகசியமும். வீட்டு வாசற்படி, பஸ் கதவு, தேவாலயக் கதவு, எங்கும் முப்பது ஆண்டுகளாகத் தேவையே இல்லாமல் குனிந்து வந்திருக்கிறார் அந்த மனிதர்! "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். அத்தையிடம் பிற்பாடு கேட்டேன். அத்தை சொன்னது: "கல்யாணத்தன்னைக்கே தெரியும். ஷூவோட தூங்குற மனுசன் உலகத்துல எவன்டி இருக்கான்? பாவம், அவரா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

இனி இந்த மே மாதம் நடந்த இறுதி ஆட்டம். ஆற்றங்கரைத் தெருவும் பேக்கரி முனையும். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஆனாலும் அவுரெலியோ ஐயாவும் கல்தச்சரும் அன்று இல்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் பாதியில் நம் ஆற்றங்கரை அணியின் சென்டருக்குக் கணுக்கால் பிசகியது. இன்னொருவர் ஃபவுல் நிரம்பி வெளியே. வந்திருந்த ஆறு பேரில் மிச்சம் நான்கு பேர். பெஞ்சில் பெயர் பதிந்து வைத்த உதிரி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் பட்டியலின் கடைசியில், மரியாதைக்காக, ஆட மாட்டார் என்று தெரிந்தே எழுதிவைக்கும் பெயர். டிமாகுலாங்கன், லியோன்சியோ.

மாமா எழுந்தார். அன்று அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

பேக்கரி முனைத் தலைவர் புட்சோய் அண்ணன்... அங்கே விதை கொறித்துக்கொண்டு என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறாரே, அவர்தான்... ஓடி வந்தார். கையில் பரோலா அணியின் பழைய புத்தகம்! எப்போதோ மாமாவிடமே கையெழுத்து வாங்கியது.

"ரெஃப்ரி, இது செல்லாது! இவரு ஆறடி அஞ்சு! இந்தா பாரு, அச்சுல போட்டுருக்கு! இவரே கையெழுத்துப் போட்டுருக்காரு!"

ஆவணம் ஆவணந்தான் இல்லையா, ஐயா? அன்று அந்த ஆவணம்தான் வாசலை மறித்து நின்றது. அவர் ஆறடி ஐந்தா? அப்படியானால் வெளியே போக வேண்டும். ஆட வேண்டுமா? அப்படியானால் நானூறு பேர் பார்க்க ஷூவைக் கழற்ற வேண்டும்.

மாமா தரையில் உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்த்தார். ஷூவைக் கவிழ்த்தார். டொக். ஒரு தக்கை. டொக். இன்னொரு தக்கை. ஒரு தக்கை உருண்டு போய்த் தெரோய் தாத்தாவின் காலடியில் நின்றது. தாத்தா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "முப்பது வருசம்! ஒரு விரிசல் இல்ல பாரு" என்றார் பெருமையாக.

கூட்டம் சிரித்தது. மறைப்பானேன், நானும் சிரித்தேன். மாமா வாசலுக்குப் போனார். மூங்கிலுக்குக் கீழே வந்தார். குனிந்தார்!

"குனிஞ்சா கணக்கில்ல. நிமிந்து வாங்க" என்றார் ரெஃப்ரி.

மறுபடி போனார். மறுபடி வந்தார். மறுபடியும் குனிந்தார். நிமிர்ந்து நடக்கத்தான் நினைக்கிறார், ஆனால் கழுத்து கேட்கவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம். சிரிப்பு அடங்கிவிட்டது. புட்சோய் அண்ணனே புத்தகத்தைக் கீழே இறக்கிவிட்டார். மூன்றாவது முறை மாமா அங்கே நிற்கிறார், வெறுங்காலோடு, தலையைத் தடவிக்கொண்டு. அப்போதுதான் பெர்லிட்டா அத்தை எழுந்தார்.

"யோவ்! கட்டிலேர்ந்து எறங்கி அடுப்படிக்குத் தெனம் நடக்கிறியே, அந்த மாதிரி நடய்யா! அந்த ஆளத்தான்யா நான் கட்டிக்கிட்டேன்!"

மாமா நடந்தார். தலை நேராக, மார்பு நேராக. மூங்கில் அசையவில்லை. கால் அங்குலம் காற்று.

முதலில் யார் கைதட்டியது? சொல்லுங்கள் புட்சோய் அண்ணே. வெட்கப்படாதீர்கள். அவர்தான்.

அந்த ஆட்டத்தின் வேடிக்கை என்ன தெரியுமா? ஆறடி இரண்டுக்கு மேல் யாருமே ஆட முடியாத போட்டி. பேக்கரி முனையின் சென்டர் ஆறடி ஒன்று. வாழ்நாளில் முதல் முறையாக, கோர்ட்டில் எல்லோரையும்விட உயரமானவர் எங்கள் ஒன்யோ மாமா! மேஜைப் பக்கம் ஓடி வந்தபோது என்னிடம் சொன்னார்: "ஜெலின், எல்லாப் பயலோட உச்சந்தலையும் தெரியுதுடி! ஒருத்தனுக்கு வழுக்க வேற!"

உயரமானவர் போல ஆடியிருக்கலாம். கையை நீட்டினால் போதும், ரீபவுண்டு விழும். ஆடினாரா? இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. குள்ளமான சென்டராகவே ஆடினார். அதே இடுப்பு, அதே முதுகு, அதே விசாரிப்பு. "அம்மா நல்லா இருக்காங்களா தம்பி?" அந்தத் தம்பியின் அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், "நல்லா இருக்கேன் ஒன்யோ!" என்று பதிலே சொன்னார்!

கடைசி ஏழு விநாடி. ஒரு பாயிண்ட் பின்னால். நம் ஆள் எறிந்தது வளையத்தில் பட்டு எகிறியது. ஒன்பது பேர் மேலே பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. ஒன்யோ மாமா பந்துக்கு முதுகைக் காட்டாமல், எதிராளிக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, கதவைப் பூட்டினார். பந்து விழுந்தது. பின்னாலிருந்து ஓர் ஒல்லிக்குச்சி வந்தான். எடுத்தான். போட்டான். கோப்பை ஆற்றங்கரைத் தெருவுக்கு!

ஸ்கோர் ஷீட் இதோ இருக்கிறது. டிமாகுலாங்கன்: பதினோரு நிமிடம். பாயிண்ட் சைபர். ரீபவுண்டு சைபர். ஓரக் கட்டத்தில் வட்டங்கள்: ஒன்பது.

அன்று மாமா அந்த மூன்றடிக் கோப்பையைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். வீட்டு வாசலில் குனியவில்லை என்று அத்தை சொன்னார். மூன்று மாதம் எந்த வாசலிலும் குனியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் டி.வி.யில் ஆட்டம் பார்த்துக்கொண்டே, இடைவேளையில் கண்ணை மூடியவர் மூடியவர்தான். எழுப்பப் போன அத்தை சொன்னார், உதட்டில் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல இருந்ததாம்.

அவுரெலியோ ஐயா, ஒன்று காட்ட வேண்டும். இந்தச் சவப்பெட்டியைப் பார்த்தீர்களா? எவ்வளவு நீளம்! அளவெடுக்க வந்த கடைக்காரர் மாமாவின் பெரிய ரசிகர். அளவே எடுக்கவில்லை. "ஒன்யோவுக்கா அளவு? ஆறடி அஞ்சு, எனக்கு மனப்பாடம்" என்று போய்விட்டார். விளைவு? மாமா உள்ளே அங்குமிங்கும் நகர்கிறார். கால்மாட்டில் ஒரு பந்து வைக்கும் அளவுக்கு இடம் காலி. பந்தையே வைத்திருக்கிறோம். இப்படித்தான் ஐயா அந்த எண். மாமா அதற்குள் ஒருநாளும் நிறையவில்லை. ஓர் ஓரமாக ஒதுங்கிக் குனிந்துகொண்டே குடியிருந்தார். அவருக்குச் சரியாகப் பொருந்திய எண் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் நானூறு பேருக்கு முன்னால், ஷூவைக் கழற்றி, தானே எடுத்துக்கொண்டார். பதினாறு ஆண்டு யோசித்து எடுத்தார். அதைக் கல்லிலிருந்து நாம் பறிக்கலாமா?

ஆறடி ஐந்து உயரத்தில் ஒரு சென்டர் பதினான்கு ஆண்டு நின்றால் அதில் என்ன அதிசயம்? ஆறடி ஒன்றே முக்காலில் நின்றாரே, அதையல்லவா கல்லில் வெட்ட வேண்டும்!

என்ன ஐயா? ... மைக் வேண்டுமா? ... இல்லையா? தாளைக் கேட்கிறார். இதோ, ஐயா. பேனாவும் எடுத்துவிட்டார்.

அன்பர்களே, ஐயா எழுதியதை உங்களுக்கு வாசிக்கிறேன். "உயரம்: போதாது" என்பதில் "போதாது" அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில்: "ஆறடி ஒன்றே முக்கால். போதுமானது." கீழே கையெழுத்து, இன்றைய தேதி.

கேப்டன், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். முதலில் அதற்கும் ஆட்டினீர்கள், இப்போது இதற்கும் ஆட்டுகிறீர்கள். கடைசியாக ஆட்டியதைத்தான் நான் எழுதிக்கொள்வேன். அத்தை? ... அத்தை அழுகிறார். அழ மாட்டேன் என்றது நீங்கள்தான் அத்தை, நான் இல்லை.

தெரோய் தாத்தா, அந்த இரண்டு தக்கையும் உங்கள் பையில்தானே இருக்கின்றன? அவற்றைக் கல்லுக்கு அடியில் வையுங்கள். மேலே உண்மை நிற்கட்டும், கீழே தக்கை தாங்கட்டும். நாற்பது குடும்பத்தைத் தாங்கிய தக்கைக்குத் தக்க மரியாதை அது.

என் பங்குக்கு நான் ஒன்று சொல்கிறேன். இந்த மேஜையில் நான் இருக்கும்வரை, எனக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும் அவர் கையைப் பிடித்தாவது, அந்த ஓரக் கட்டம் ஸ்கோர் ஷீட்டில் இருக்கும். பந்தை எடுத்தவரை நீங்கள் பாருங்கள். பூட்டியவருக்கு நான் வட்டம் போடுகிறேன். பேக்கரி முனைக்கும் போடுவேன், கவலைப்படாதீர்கள். அடுத்த போட்டியிலிருந்து கோப்பையோடு கூட, அதிக வட்டம் வாங்கியவருக்கு மாமாவின் ஷூ. தக்கை இல்லாமல்.

நாளைக் காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். வாசலில் மூங்கில் இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று கேப்டன் கேட்டார். வேண்டாம். அது ஆறடி இரண்டிலேயே இருக்கட்டும். தோளில் தூக்கினால் பெட்டி இடிக்கும், கையில் தூக்குங்கள். தூக்கப்போகும் ஆறு பேரில் புட்சோய் அண்ணனும் ஒருவர், அவரே கேட்டு வாங்கிய இடம். ஆறு பேருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். மூங்கிலுக்குக் கீழே யாரும் குனியக் கூடாது.

ஒரு வேலை எனக்கு மிச்சமிருக்கிறது. இறுதி ஆட்டத்தன்று மாமா மூங்கிலைத் தாண்டி உள்ளே வந்தபோது நான் அவரை மைக்கில் அறிவிக்க வாயைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது. பகல் வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தது, மைக் மட்டும் பிணமாகக் கிடந்தது. எத்தனையோ தொடக்க விழாவில் அவரை ஆறடி ஐந்து என்று அறிவித்தவள் நான். உண்மையை அறிவிக்கக் கிடைத்த ஒரே நாளில் அறிவிக்கவில்லை.

இன்று கரண்ட் இருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். சீட்டைக் கீழே வையுங்கள், பெரியவர்களே. விதையை விழுங்குங்கள்.

இப்போது கோர்ட்டுக்குள் வருகிறார்... ஆற்றங்கரைத் தெரு அணிக்காக... சென்டர்... லியோன்சியோ... ஒன்யோ... டிமாகுலாங்கன்!

ஆறடி! ஒன்றே! முக்கால்!

வெறுங்காலில்!